மாடி வீடு ராத்திரியிலும் கொதிக்கிறதா? வெப்பம் வரும் வழியைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

கத்திரி வெயில் நாட்களில் ராத்திரி 10 மணிக்கு வாசலில் வந்து நின்றால் காற்று ஓரளவு நன்றாகத்தான் இருக்கும். உள்ளே போய்க் கட்டிலில் படுத்தால் தலைக்கு மேல் யாரோ அடுப்பைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திருச்சியில் மூன்றாவது மாடி வீடு ஒன்றில் எட்டுக் கோடைகளைக் கழித்தவன் நான். அம்மா ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுப்பதைப் பார்த்துத்தான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

நான் செய்த முதல் தவறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெப்பம் எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமலே பொருள் வாங்கினேன். இரண்டாவது ஃபேன், பெரிய ஏர் கூலர், கனமான திரைச்சீலை என்று இரண்டு கோடைக்குப் பணம் போனது. வீடு அப்படியேதான் இருந்தது.

வெப்பத்துக்கு மூன்று வழிகள் உண்டு. ஒரு பொருளின் ஊடாகவே நகர்ந்து வருவது கடத்தல். தோசைக் கரண்டியின் பிடி சுடுவது இப்படித்தான். காற்றோ தண்ணீரோ தூக்கிக்கொண்டு வருவது வெப்பச்சலனம். இடையில் எதுவுமே தேவைப்படாமல் ஒளி போலப் பாய்ந்து வருவது கதிர்வீச்சு. வெயில் அப்படி வருகிறது. வெயில் மட்டுமில்லை, சூடான சுவரும் சூடான சீலிங்கும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை இரவு பகலாக வீசிக்கொண்டேதான் இருக்கின்றன. 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர் முப்பட்டகத்தில் பிரிந்து விழும் நிறங்களை வெப்பமானியால் அளந்தபோது, சிவப்புக்கு அப்பால் ஒளியே தெரியாத இடத்திலும் சூடு ஏறுவதைக் கண்டார். அந்தத் தெரியாத கதிர்தான் ராத்திரியில் நம் தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஒவ்வொரு வழிக்கும் தடுப்பு வேறு. கதிர்வீச்சாக வரும் வெப்பத்தை ஃபேன் தடுக்காது. கடத்தலாக வருவதை ஜன்னல் திரை தடுக்காது. அதனால் முதலில் வழியைக் கண்டுபிடியுங்கள், அப்புறம் காசைச் செலவு செய்யுங்கள்.

தொடங்கும் முன்: ஒரே ஒரு நாள் கவனிப்பு

சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி ஒன்று போதும். அதைக் கட்டிலின் உயரத்தில், வெயிலோ ஃபேன் காற்றோ நேராகப் படாத இடத்தில் மாட்டுங்கள். காலை 6, பகல் 12, மாலை 4, இரவு 8, இரவு 11 என ஐந்து வேளை எழுதிவையுங்கள். அதே நேரங்களில் உள்ளங்கையால் நான்கு சுவர்களையும், ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கையும் தொட்டுப் பாருங்கள். ஸ்டூல் ஏறும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய காய்ச்சல் துப்பாக்கி வீட்டில் இருந்தால், பலவற்றில் பொருளின் மேற்பரப்பை அளக்கும் வசதியும் இருக்கும். அதை வைத்து எண்ணாகவே குறித்துக்கொள்ளலாம். பளபளப்பான எவர்சில்வர், அலுமினியத்தின் மேல் மட்டும் அது தவறாகக் காட்டும்.

எந்த நேரத்தில், எந்தப் பக்கம் அதிகச் சூடு என்பதுதான் இந்தக் குறிப்பில் முக்கியம். கீழே உள்ள அறிகுறிகளில் உங்கள் வீட்டுக்குப் பொருந்துவதைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று சேர்ந்தேதான் இருக்கும்.

அறிகுறி: பகலில் தாங்கலாம், மாலை 6 மணிக்கு மேல் மேலிருந்து அனல் இறங்குகிறது

கான்கிரீட் தளம் போட்ட மேல்மாடி வீடுகளில் பத்துக்கு எட்டு வீட்டின் நோய் இதுதான் என்பேன்.

சோதனை ரொம்ப எளிது. கட்டிலில் மல்லாந்து படுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். இரண்டு பேர் ஒரு வேட்டியை உங்கள் முகத்துக்கு மேல் ஓர் அடி உயரத்தில் விரித்துப் பிடிக்கட்டும். வேட்டி வந்த அந்த விநாடியே முகத்தில் சூடு குறைந்த மாதிரி தெரிகிறதா? விலக்கினால் உடனே திரும்புகிறதா? அப்படியென்றால் உங்களைச் சுடுவது காற்று இல்லை, சீலிங்கின் கதிர்வீச்சு. காற்றின் சூடு ஒரு விநாடியில் மாறாது. ஆள் இல்லையென்றால் உள்ளங்கையை நீட்டி, ஒருமுறை மேல் நோக்கியும் ஒருமுறை கீழ் நோக்கியும் திருப்பிப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

ஏன் இப்படி என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 10 அடிக்கு 10 அடி அறை, 5 அங்குலத் தளம். அந்தத் தளத்தின் எடை மட்டும் ஏறத்தாழ 2,800 கிலோ. விடியலிலிருந்து சாயங்காலத்துக்குள் அது 10 டிகிரி ஏறினால், அதில் சேரும் வெப்பம் கிட்டத்தட்ட 7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 1,000 வாட்ஸ் ஹீட்டரை 7 மணி நேரம் போட்டுவைத்தது போல. அதே அறைக்குள் இருக்கும் காற்று மொத்தமும் 10 டிகிரி ஏற எவ்வளவு வேண்டும்? ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். ஆக, வீட்டின் வெப்பம் குடியிருப்பது தளத்தில். காற்றில் இருப்பது சில்லறை.

இந்த வெப்பம் வந்து சேரும் நேரத்தையும் பாருங்கள். மே மாத நடுப்பகலில் மொட்டை மாடியில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட்ஸ் வெயில் விழுகிறது. கறுத்துப்போன சிமெண்ட் தரை 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூடு 5 அங்குல கான்கிரீட்டைக் கடத்தலாகக் கடந்து சீலிங்கை அடைய 3 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த வெதரிங் கோர்ஸ் இருந்தால் இன்னும் கூடுதல். பகல் ஒரு மணி உச்சி வெயில் உங்கள் சீலிங்குக்கு வந்து சேர்வது மாலை 5 முதல் 7 மணிக்கு. அப்புறம் நள்ளிரவு தாண்டியும் அது வடிந்துகொண்டே இருக்கும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே கொதிப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

சரிசெய்வதை மேலிருந்து தொடங்குங்கள். தளத்துக்குள் ஏறிவிட்ட வெப்பத்தை வெளியே அனுப்புவது கடினம். ஏறாமல் பார்ப்பது சுலபம், மலிவும்கூட.

முதல் வேலை வெள்ளை. மொட்டை மாடியை நன்றாகத் தேய்த்துக் கழுவி, விரிசல்களை அடைத்து, சுண்ணாம்போ வெள்ளைச் சிமெண்டோ கூரைக்கென்றே விற்கும் வெள்ளைப் பெயிண்டோ இரண்டு கோட்டு அடியுங்கள். புதிய நல்ல வெள்ளை, விழும் வெயிலில் ஏறத்தாழ எண்பது சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். வெள்ளைக்கு இன்னொரு குணமும் உண்டு. ராத்திரியில் தன்னிடம் உள்ள வெப்பத்தை அகச்சிவப்பாக வானத்துக்கு நன்றாக வீசும். பளபளக்கும் அலுமினியப் பெயிண்ட் பகலில் வெயிலைத் திருப்பினாலும், ராத்திரியில் வெப்பத்தை வெளியே விடுவதில் கஞ்சத்தனம் காட்டும். அதனால் கான்கிரீட் தளத்துக்கு வெள்ளையே மேல். சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்தில் கரையும். எதுவானாலும் தூசி படிந்தால் பலன் குறையும். பங்குனியில் ஒருமுறை கழுவிவிடுங்கள். நனைந்தால் வழுக்கும் என்பதைக் குழந்தைகளிடம் சொல்லிவையுங்கள். தெலங்கானா அரசு 2023-ல், இப்படி வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. இவ்வளவு எளிய வேலைக்கு அரசுக் கொள்கை வரும் அளவுக்குப் பலன் உண்டு என்பதால் சொல்கிறேன்.

இரண்டாவது நிழல். பசுமை நிழல்வலையை மூன்று நான்கு அடி உயரத்தில் கட்டினால், வெயிலை வலை வாங்கிக்கொள்ளும், இடையில் ஓடும் காற்று அந்தச் சூட்டைத் தூக்கிப் போய்விடும். வலையைத் தரையோடு தரையாக விரித்தால் இந்த இரண்டாவது வேலை நடக்காது. தொட்டிச் செடிகளும் நல்ல நிழல்தான். ஆனால் தளம் முழுக்க மண் கொட்டுவதற்கு முன் பொறியாளர் ஒருவரைக் கேளுங்கள். ஒரு கன மீட்டர் ஈர மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை வரும்.

மூன்றாவது தண்ணீர், இன்றைக்கே செய்து பார்க்கக்கூடியது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ மூன்றில் இரண்டு யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. முன்பு சொன்ன 7 யூனிட்டை ஈடுகட்டப் பத்து லிட்டர் சொச்சம் தண்ணீர் ஆவியானால் போதும்! ஆவியாக வேண்டும் என்பதுதான் விஷயம். வாளி வாளியாகக் கொட்டினால் பாதி குழாய் வழியே ஓடிவிடும். மாலை 3 மணியிலிருந்து அரை மணிக்கு ஒருதரம் லேசாகத் தெளியுங்கள், அல்லது பழைய சாக்குகளை விரித்து நனைத்துவிடுங்கள். துணி அலசிய தண்ணீர் போதும். கடலோர ஊர்களில் காற்று ஈரமாக இருக்கிறதே, ஆவியாகுமா என்று கேட்பார்கள். தளம் காற்றைவிட வெகு சூடாக இருப்பதால் அங்கும் ஆவியாகும். தண்ணீரைத் தேக்கி மட்டும் வைக்காதீர்கள். விரிசல் வழியே இறங்கிக் கம்பி துருப்பிடித்தால் தளத்துக்கே ஆபத்து.

மேல் தளம் உங்கள் கையில் இல்லை, வாடகை வீடு, வீட்டுக்காரர் விடமாட்டார் என்றால் கீழிருந்துதான் தடுக்க வேண்டும். சீலிங்குக்குக் கீழே நான்கு அங்குலமாவது இடைவெளி விட்டு ஃபால்ஸ் சீலிங் போடலாம். அந்த இடைவெளியில் சூடு மேலிருந்து கீழே வருகிறது. சூடான காற்று மேலேயே தங்கிவிடுவதால் வெப்பச்சலனம் அங்கே கிட்டத்தட்ட நின்றுபோகும். இடைவெளியைத் தாண்டி வருவதில் பெரும்பங்கு கதிர்வீச்சுதான். அதனால்தான் பளபளக்கும் அலுமினியப் படலம் அங்கே அவ்வளவு வேலை செய்கிறது. ஒரே நிபந்தனை, படலத்தின் பளபளப்பான பக்கத்துக்கு எதிரே காற்று இடைவெளி இருக்க வேண்டும். இரண்டு பலகைகளுக்கு நடுவே அழுத்தி வைத்துவிட்டால் அது வெறும் உலோகத் தகடு, சூட்டைக் கடத்திவிடும். வேலை செய்ய வருபவர்கள் இதை அடிக்கடி தவறாகச் செய்கிறார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.

அதற்கும் வழியில்லாதவர்கள் கொசுவலைக் கம்பங்களின் மேல் ஒரு வெள்ளைப் பருத்தித் துணியை விரித்துக் கட்டுங்கள். வேட்டிச் சோதனையையே ராத்திரி முழுக்க நீட்டிப்பதுதான் இது. அம்மா முதன்முதலில் விடியும்வரை அசையாமல் தூங்கியது இப்படிக் கட்டிய அன்றுதான்.

அறிகுறி: காலை 10 மணிக்கே தாங்க முடியவில்லை, சூரியன் சாய்ந்ததும் சட்டென்று குறைகிறது

இது ஷீட் கூரை. தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ சில மில்லிமீட்டர் கனம்தான். வெப்பத்தைச் சேர்த்து வைக்கவும் முடியாது, தாமதப்படுத்தவும் முடியாது. வெயில் விழுந்த சில நிமிடங்களில் உள்பக்கம் சுடும். மேகம் மறைத்தால் உடனே குறையும். அந்த மேகமே உங்கள் சோதனை.

மேலே வெள்ளை அடிப்பது இங்கே இன்னும் வேகமாகப் பலன் தரும். அடித்த அன்று மதியமே தெரியும். அடுத்து, ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே மேல் மட்டத்தில் எதிரெதிரே இரண்டு திறப்புகள் வேண்டும். ஷீட்டுக்கு அடியில் தேங்கும் அனல் காற்று தானாக வெளியேறும். பகலில் சூடு அடிப்பது ஷீட்டின் கதிர்வீச்சு என்பதால், அதற்குக் கீழே மூங்கில் பாயோ துணியோ இடைவெளி விட்டுக் கட்டினாலும் உதவும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டாதீர்கள், துளை போடாதீர்கள், உடைக்காதீர்கள். அதன் இழைத் தூசி நுரையீரலுக்குப் பெரும் கேடு. தண்ணீர் விட்டு மெதுவாகக் கழுவி, காய்ந்தபின் அடியுங்கள். தென்னங்கீற்றை ஷீட்டின் மேல் பரப்புவது நல்ல நிழல்தான், ஆனால் நெருங்கிய வீடுகளில் தீ பிடித்தால் வீதியே போய்விடும். பக்கத்தில் சமையல் புகைபோக்கியோ பட்டாசு வெடிக்கும் இடமோ இருந்தால் வேண்டாம்.

அறிகுறி: ஒரே ஒரு சுவர் மட்டும் சுடுகிறது

பெரும்பாலும் மேற்குச் சுவராக இருக்கும். சாயங்கால வெயில் தாழ்வாக, சுவருக்கு நேராக வந்து அடிக்கிறது. சன்ஷேடு மேலிருந்து வரும் வெயிலுக்கானது. தாழ்ந்த வெயிலை அதனால் தடுக்க முடியாது.

எப்போது சுடுகிறது என்று குறிப்பைப் பாருங்கள். நாலரை அங்குலச் சுவரென்றால் மாலை 4 மணி வெயில் ஏறத்தாழ 4 மணி நேரத்தில், அதாவது இரவு 8 மணிக்கு உள்ளே தெரியும். 9 அங்குலச் சுவரென்றால் 7 மணி நேரத்துக்கு மேல். நள்ளிரவுக்குச் சற்று முன் உச்சத்துக்கு வரும். படுக்கும் நேரம் பார்த்துச் சுடுகிறதே என்று நினைத்திருப்பீர்கள். காரணம் அதுதான்.

கட்டிலின் தலைமாடு அந்தச் சுவரில் இருந்தால் இன்றே நகர்த்துங்கள். செலவே இல்லை. கதிர்வீச்சு தூரத்தோடும் திசையோடும் சம்பந்தப்பட்டது. சுவரை ஒட்டிப் படுப்பவருக்கு அந்தச் சுவரே பாதி உலகம். காலியாக உள்ள பீரோவையோ புத்தக அலமாரியையோ அந்தச் சுவரோரம் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு நிறுத்தினால் அது ஒரு தடுப்பு. வெளிப்பக்கம் வெள்ளை அடிக்கலாம், கொடி ஏற்றலாம், மூங்கில் தட்டி தொங்கவிடலாம்.

வடக்குச் சுவர் சுடுகிறது என்று சொன்னால் சிலர் நம்பமாட்டார்கள். நம்பலாம். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நடுப்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது. இடைப்பட்ட மே, ஜூன், ஜூலையில் நமக்கு அவர் வடக்கே நிற்கிறார். அந்த மாதங்களில் தெற்குச் சுவருக்கு நடுப்பகல் வெயிலே இல்லை, வடக்குச் சுவருக்கு உண்டு.

அறிகுறி: ஜன்னல் பக்கம் உட்கார முடியவில்லை, திரை போட்டும் பலனில்லை

கண்ணாடி வெயிலை உள்ளே விடும், ஆனால் சூடான பொருள்கள் வீசும் அகச்சிவப்பை வெளியே விடாது. வெயில் கண்ணாடியைத் தாண்டித் திரையில் விழுந்தால் திரை சூடாகிறது. அந்தச் சூடு இப்போது உங்கள் அறைக்குள்ளேதான் இருக்கிறது. சாயங்கால வெயில் படும் ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, 500 வாட்ஸ் ஹீட்டரை ஜன்னலோரம் வைத்ததற்குச் சமம்.

தடுப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். மூங்கில் தட்டி, வெட்டிவேர்த் தட்டி, கெட்டியான துணிப் படுதா, எதுவானாலும் வெளியே. வெளியே கட்ட முடியாத அடுக்குமாடி என்றால், உள்ளே கண்ணாடியை ஒட்டி வெள்ளை நிறத் திரை போடுங்கள். வந்த வெயிலில் கொஞ்சத்தையாவது ஒளியாகவே திருப்பி அனுப்பும். அடர்நிறத் திரைதான் மிக மோசம்.

ஜன்னலைத் திறப்பதற்கும் நேரம் உண்டு. வெளிக்காற்று உள்ளைவிடச் சூடாக இருக்கும்வரை மூடி வையுங்கள். குளிர்ந்ததும் எல்லாவற்றையும் திறந்து விடியும்வரை விடுங்கள். கரூர், வேலூர் போன்ற உள்மாவட்ட ஊர்களில் இது ராத்திரி 8, 9 மணிக்கு மேல்தான். சென்னையில் கடற்காற்று பிற்பகலிலேயே வந்தால் அப்போதே திறக்கலாம்.

அறிகுறி: ஃபேன் போட்டால் அனல் அடிக்கிறது

ஃபேனில் கோளாறு இல்லை. ஃபேன் காற்றைக் குளிர்விக்காது. நகர்த்தும், அவ்வளவுதான். அதன் மோட்டாரே பழைய மாடலில் 75 வாட்ஸ் வெப்பத்தை அறையில் சேர்க்கிறது. நம் தோலின் சூடு 35 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் நம்மிடமிருந்து வெப்பத்தை எடுத்துப்போகும். அதிகமாக இருந்தால் கொண்டுவந்து கொட்டும். அப்போதும் வியர்வை ஆவியாவதால் ஓரளவு சுகம் கிடைக்கிறது. ஆனால் அறைக் காற்று 40 டிகிரியை நெருங்கும்போது, முக்கியமாக வியர்வை குறைந்துபோன முதியவர்களுக்கு, ஃபேனை மட்டும் நம்பக் கூடாது. உடம்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஃபேன் கீழே உட்கார வையுங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். சூடான சீலிங்கை ஒட்டி அனல் காற்று ஒரு படலமாகத் தேங்கியிருக்கும். சீலிங் ஃபேன் அதைப் பிடித்து நம் மேல் தள்ளுகிறது. பழைய வீடுகளில் சுவரின் உச்சியில் வென்டிலேட்டர் வைத்தார்களே, அது இந்தக் காற்று வெளியேறத்தான். அதை அட்டை வைத்து அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள். ராத்திரியில் டேபிள் ஃபேனைக் குளிர்ந்த பக்க ஜன்னலோரம் உள்நோக்கி வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலைத் திறந்தால், சீலிங் ஃபேனைவிட நன்றாக இருக்கும்.

ஏர் கூலர் வைத்தும் பிசுபிசுக்கிறது என்றால் ஜன்னலை மூடி வைத்திருக்கிறீர்கள். நான் செய்த அதே தவறு. கூலர் தண்ணீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கிறது. அந்த ஈரம் வெளியேற வழி இல்லாவிட்டால் சிறிது நேரத்தில் ஆவியாவதே நின்றுவிடும். வெளிக்காற்றை இழுக்கும்படி ஜன்னலில் வைத்து, எதிர் ஜன்னலைத் திறங்கள். கடலோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் பலன் குறைவுதான்.

அறிகுறி: ஏசி 24 காட்டுகிறது, இன்னும் வேர்க்கிறது; நிறுத்தினால் கால் மணியில் பழையபடி

முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள். வெளியே உள்ள யூனிட்டின் முன்னும் பின்னும் துணியோ சாமானோ அடைத்திருக்கிறதா பாருங்கள். ஏசி செய்வது வெப்பத்தை உள்ளிருந்து தூக்கி வெளியே போடுவது. போட இடம் இல்லாவிட்டால் திணறும்.

அது சரியாக இருந்தால், மறுபடியும் சீலிங்தான். ஏசி குளிர்விப்பது காற்றை. காற்று 24 டிகிரி, தலைக்கு மேல் சீலிங் 38 டிகிரி என்றால் உடம்பு இரண்டையும் சேர்த்தே உணரும். நிறுத்தியதும் பழையபடி ஆவதற்கும் முன்பு சொன்ன கணக்குதான்: சில்லறையைக் குளிர்வித்தோம், 7 யூனிட் மேலேயே இருக்கிறது. இந்த நிலையில் ஒரு டன்னுக்குப் பதில் ஒன்றரை டன் ஏசி வாங்கச் சொல்வார்கள். வாங்கும் முன் மாடிக்கு வெள்ளை அடித்துப் பாருங்கள். வெள்ளைக்குக் கரண்ட் பில் வராது.

அறிகுறி: பகலில் குழாயைத் திறந்தால் வெந்நீர்

எத்தனை நேரம் சுடுகிறது என்று பாருங்கள். ஒன்றிரண்டு வாளிக்குப் பிறகு குளிர்ந்தால், சுடுவது மாடியில் வெயிலில் கிடக்கும் குழாய். அதில் நிற்கும் கொஞ்சத் தண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடும். குழாயின் மேல் வெள்ளை அடித்தால், அல்லது கருப்பு ஃபோம் உறை மாட்டி அதன் மேல் வெள்ளைத் துணி சுற்றினால் போதும்.

எவ்வளவு திறந்தாலும் சுடுகிறது என்றால் தொட்டி. கருப்புப் பிளாஸ்டிக் தொட்டிக்கு வெள்ளை அடியுங்கள், மேலே சற்று உயரத்தில் நிழல் கட்டுங்கள். கோடையில் காலையிலேயே தொட்டியை நிரப்பிவிடுங்கள். நிறையத் தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும், கால் தொட்டித் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்.

அறிகுறி: எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியும் சமையலறை வேகிறது

வெளியே போகும் காற்றுக்குப் பதில் காற்று உள்ளே வர வழி இல்லாமல் இருக்கும். கதவைத் திறந்து பாருங்கள், ஃபேனின் சத்தமே மாறும். இன்னொன்று, ஃபேனுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் திறந்திருந்தால் அந்தக் காற்றையே இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அடுப்பின் அனல் அப்படியே நிற்கும். பக்கத்து ஜன்னலை மூடி எதிர்ப்பக்கத்தைத் திறங்கள்.

அறிகுறி: மெத்தையில் முதுகு வேகிறது, தரையில் படுத்தால் சுகம்

தூங்கும்போதும் நம் உடம்பு ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்கு, 70, 80 வாட்ஸ் வெப்பத்தை வெளியிடுகிறது. ஃபோம் மெத்தைக்குள் சின்னச் சின்னதாக அடைபட்ட காற்று அதைப் போகவிடாது. மொசைக் தரையோ ரெட் ஆக்சைடு தரையோ கடத்தலாக உடனே வாங்கிக்கொள்ளும். கோடை முடியும்வரை கோரைப் பாய்க்கு மாறுங்கள். முட்டிவலியால் கீழே படுக்க முடியாதவர்களுக்குக் கயிற்றுக் கட்டில் நல்லது. அடியிலும் காற்று போகும்.

அறிகுறி: வீட்டில் இல்லை, ஆளிடம்

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு, அதிக வியர்வை, தலைசுற்றல் என்றால் உடம்பு வெப்பத்தை வெளியேற்றத் திணறுகிறது. கீழ்த்தள வீட்டுக்கோ நிழலுக்கோ அழைத்துப் போய், ஈரத்துணி போட்டு, ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், உடம்பு அனலாகக் கொதித்து மயங்கினால் அது வெப்ப வாதம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை காத்திருக்காமல் துணிகளைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் குளிர்ந்த துணி வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மேல்மாடியில் தனியாக இருக்கும் பெரியவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால், சாயங்காலம் 6 மணிக்கு மேல் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அவர்கள் வீட்டு சீலிங் உச்சத்துக்கு வருவது அப்போதுதான்.